பலகை நிறைந்திருந்த இருபத்தொரு நாள்

எங்கள் சூப்பர்வைசர் மேடத்துக்குக் குக்கர் என்று பெயர் வைத்தவன் நான்தான். அவர் கோபத்துக்கு மூன்று விசில். முதல் விசிலில் மூக்கு விடைக்கும். இரண்டாவதில், கையில் இருப்பது ஸ்பேனரோ பேனாவோ, மேஜையில் டொக்கென்று விழும். மூன்றாவது வந்துவிட்டால் பக்கத்துக் கடையில் பஞ்சர் ஒட்டுகிறவர் வேலையை விட்டுவிட்டு எட்டிப்பார்ப்பார். மேடத்துக்கு அப்போது இருபத்தேழு வயது, எனக்கு முப்பத்துநாலு. ஏழு வயது சின்னவரைப் போய் ‘அவர்’ என்று எழுதுகிறானே என்று பார்க்காதீர்கள். முதல் ஆறு மாதம் மனசுக்குள் ‘அவள்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ‘அவர்’ ஆனது ஒரே நாளில், சாயங்காலம் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே.

நாங்கள் லிஃப்ட் பழுது பார்க்கிறவர்கள். நான்கு டெக்னீஷியன், ஒரு சூப்பர்வைசர். நான், என் மனைவியின் தம்பி, நெட்டை, அப்புறம் வாத்தியார். வாத்தியார் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியவரல்ல. எதைக் கேட்டாலும் ‘அதாவது’ என்று ஆரம்பித்து அரை மணி நேரம் விளக்குவார், அதனால் அந்தப் பெயர். பதினொரு வருஷம் வேலை பார்த்தவன் என்பதால் சூப்பர்வைசர் நாற்காலி எனக்குத்தான் என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தேன். மச்சினன் கையைக்கூடக் குலுக்கிவிட்டான். அடுத்த திங்கட்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து இவர் வந்து இறங்கினார். எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்ல! இரண்டு நாள் பார்த்தேன், பெயரை வைத்தேன். ஒரே வாரத்தில் அது பஞ்சர்க்காரர்வரை பரவிவிட்டது.

சும்மா சொல்லக்கூடாது, வேலை தெரிந்தவர். லிஃப்ட் ஓடாத ஒன்பது மாடிக் கட்டடத்தில் தன் டூல் பையைத் தானே சுமந்து ஏறினார். நான் தூக்கிக்கொள்கிறேன் என்று நெட்டை கையை நீட்டினால் முறைத்தார். மோட்டார் ஓடும் சத்தத்தைக் கேட்டே பிரேக் தேய்ந்திருப்பதைச் சொல்லிவிடுவார். ஆனால் மெஷினுக்குக் காது கொடுத்தவர் மனுஷனுக்கு வாயை மட்டும்தான் கொடுத்தார்.

லிஃப்டில் ஒரு கண்டிப்பான ஏற்பாடு உண்டு. எல்லா மாடியிலும் வெளிக்கதவு மூடி, அதன் கொக்கி சரியாக விழுந்தால்தான் பெட்டி நகரும். ஒரு மாடியில் விழாவிட்டாலும் நின்ற இடத்திலேயே நின்றுவிடும். பழுது பார்க்கும்போது பெட்டியை நகர்த்தியே ஆகவேண்டும் என்றால் மட்டும், மேலே மோட்டார் ரூம் பேனலில் ஒரு துண்டுச் சிவப்பு ஒயரை மாட்டுவோம், இரண்டு முனையிலும் கிளிப் வைத்த ஒயர். அதற்கு ஜம்பர் என்று பெயர். அது இருக்கும்வரை, எல்லாக் கதவும் மூடியிருக்கிறது என்று லிஃப்ட் நம்பிக்கொண்டிருக்கும். வேலை முடிந்ததும் முதல் காரியம் அதைக் கழற்றுவதுதான். மறந்தால், கொக்கி விழாத கதவோடும் பெட்டி மேலும் கீழும் ஓடும். யாராவது அந்தக் கதவை இழுப்பார், திறந்துகொள்ளும், பெட்டி வந்துவிட்டது என்று காலை எடுத்து வைப்பார். அங்கே பெட்டி இருக்காது.

அதனால்தான் எங்கள் ஆபீஸ் சுவரில் ஒரு பலகை. இருபத்துநான்கு ஆணி. ஆளுக்கு ஆறு ஜம்பர், ஒவ்வொன்றிலும் எண் குத்திய பித்தளை வளையம். காலையில் எடுத்துப்போய்ச் சாயங்காலம் கொண்டுவந்து மாட்ட வேண்டும். ஓர் ஆணி காலியாக இருந்தாலும் ஒருவரும் வீட்டுக்குப் போகக்கூடாது. வாரத்துக்கு ஒரு தடவையாவது எவனாவது ஒருவன் தலையில் அடித்துக்கொண்டு திரும்ப ஓடுவான். மற்றவர்கள் அவனைக் கேலி செய்துகொண்டு டீ குடித்தபடி காத்திருப்போம். அவன் வேர்க்க விறுவிறுக்க வந்து மாட்டுவான், கலைவோம். இதுதான் வழக்கம்.

அந்த வழக்கம் கெட்டது மச்சினன் விஷயத்தில். ஒரு நாள் பலகை முன்னால் நின்று அவனாகவே சொன்னான். “மேடம், ஒண்ணை அந்த அஞ்சு மாடிக் கட்டடத்துலயே விட்டுட்டு வந்துட்டேன். இப்பவே ஓடிப் போய் எடுத்துட்டு வந்துடறேன்.”

அன்றைக்கென்று பார்த்து ஒரு குடியிருப்பின் செயலாளர் எங்கள் ஆபீஸில் உட்கார்ந்திருந்தார். அந்த மனிதர் முன்னால் மூன்று விசிலும் ஒரே மூச்சில் வந்தன. “உன் ரெண்டு மாசக் குழந்தைய அந்த லிஃப்ட்ல ஏத்துவியா நீ? சொல்லு, ஏத்துவியா?” மச்சினன் முகம் சுண்டிப்போனது. அதோடு விட்டாரா? மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கி, அதைப் பலகைக்குப் பக்கத்திலேயே, எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி ஒட்டிவைத்தார். நாங்கள் ஒவ்வொரு சாயங்காலமும் ஜம்பரை மாட்டும்போது அந்தக் கடிதம் எங்களைப் பார்க்கும்.

அன்றிரவு சோற்றில் கை வைக்க விடவில்லை என் மனைவி. “உங்க கண்ணு முன்னாடியே என் தம்பிய அப்படிப் பேசியிருக்காங்க. நீங்க கல்லு மாதிரி நின்னுட்டு வந்தீங்களாக்கும்?” கல் மாதிரிதான் நின்றேன். என்ன செய்ய?

நான்காம் நாள், மச்சினன் கையிலிருந்து ஒரு ஜம்பர் நழுவி லிஃப்டின் அடிக்குழியில் தேங்கியிருந்த தண்ணீரில் விழுந்துவிட்டது. அதனால் யாருக்கும் ஓர் ஆபத்தும் இல்லை. சொன்னால் புதிதாக ஒன்று கொடுப்பார்கள், அவ்வளவுதான். அவன் சொல்லவில்லை. என்னைத் தனியாக இழுத்துப்போய், “மாமா, இன்னொரு லெட்டர் அந்தச் சுவத்துல தொங்குச்சுன்னா நான் வேலைய விட்டுட்டுப் போயிடுவேன்” என்றான். கண் கலங்கியிருந்தது. எனக்குக் கைவேலை நன்றாக வரும். சிவப்பு ஒயரை வெட்டி, கிளிப் அழுத்தி, பித்தளை வளையத்தில் ஆணியால் எண் குத்தி, அச்சு அசலாக ஒன்று செய்துகொடுத்தேன். பலகை நிறைந்தது. அடுத்த வாரம் நெட்டை காதைச் சொறிந்துகொண்டு வந்தான். அவனுடையது ஒன்று பஸ்ஸில் எங்கோ விழுந்துவிட்டதாம். அவனுக்கும் செய்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று எனக்கும் ஒன்று செய்து பையில் போட்டுக்கொண்டேன். இதையெல்லாம் அப்போது பெரிய உதவி என்று நினைத்தேன், புத்தி எங்கே போயிருந்ததோ.

கடிதம் ஒட்டி இருபத்தொன்றாம் நாள். நான்கு மாடிக் கட்டடம் ஒன்று, அதில் மூன்றாவது மாடி முழுக்க டியூஷன் சென்டர். அந்த மாடியில் கதவுக் கொக்கி ஒழுங்காக விழவில்லை என்று புகார். ஜம்பர் போட்டுப் பெட்டியை நகர்த்தினேன். கொக்கியை அரத்தால் ராவி, எண்ணெய் விட்டு, இரண்டு தடவை மூடிப் பார்த்தேன். விழுந்தது. மூன்றாவது தடவை பார்ப்பதற்குள் போன். வேறொரு கட்டடத்தில் லிஃப்டுக்குள் ஆள் மாட்டிக்கொண்டார். அந்த மாதிரி அழைப்பு வந்தால் போட்டது போட்டபடி ஓடவேண்டும். மேலே போய்ப் பேனல் மூடியைச் சாத்தினேன், சுவிட்சைப் போட்டேன், ஓடினேன்.

ஐந்து மணிக்கு ஆபீஸில் பையைக் கொட்டினால், அந்தப் போலியைத் தவிர ஐந்து ஜம்பர்தான் இருந்தது.

டியூஷன் சென்டர் வாசலில் வகுப்பு நேரம் எழுதியிருந்தது கண்ணில் நின்றது. நாலிலிருந்து ஆறு. ஆறு மணிக்கு முப்பது நாற்பது பிள்ளைகள் ஒன்றாக வெளியே வரும். கொக்கி சரியாக விழுந்துகொண்டிருந்தால் பிரச்சினை இல்லை. விழாமல் போயிருந்தால் லிஃப்ட் நின்று காட்டிக்கொடுக்கும். ஆனால் என் ஜம்பர் அங்கே உட்கார்ந்துகொண்டு அதை நிற்கவிடாது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னேனா? கண் அந்தக் கடிதத்துக்குப் போனது. மச்சினன் கையெழுத்து இருந்த இடத்தில் என் கையெழுத்து தெரிந்தது. பதினொரு வருஷம் வேலை பார்த்தவன், நாற்காலிக்கு ஆசைப்பட்டவன், சுவரில் தொங்குவதா? பையிலிருந்த போலியை எடுத்து ஆணியில் மாட்டினேன். ஐந்து பத்துக்குக் கிளம்பினால் ஐந்தரைக்கு அங்கே இருக்கலாம், ஓசைப்படாமல் கழற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

ஹெல்மெட்டை எடுக்கும்போது மேடம் கதவைச் சாத்தினார். “யாரும் போகாதீங்க.”

நால்வரும் நின்றோம். அவர் கையில் பலகைக் கணக்கு எழுதும் பதிவேடு. “இருபத்தொரு நாளா பலகை முழுசா இருக்கு” என்றார்.

“அதாவது மேடம், எல்லாரும் ரொம்பக் கவனமா...” என்று வாத்தியார் ஆரம்பித்தார்.

“அதுக்கு முந்தின நாலு மாசத்துல இருபது தடவை காலியா இருந்திருக்கு. திடீர்னு நாலு பேரும் ஞானியாயிட்டீங்களா?”

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்போம். அவர் பலகையிடம் போய் ஜம்பர்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, வளையத்தைத் திருப்பிப் பார்த்து, திரும்ப மாட்டினார். அவசரமே இல்லை அவருக்கு. எனக்கோ கடிகாரத்தின் பெரிய முள் நெஞ்சிலேயே நடந்தது. ஐந்து பன்னிரண்டு. ஐந்து பதினைந்து. இப்போது சொன்னால்கூட நேரம் இருக்கிறது, சொல்லுடா, சொல்லுடா என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். ஹெல்மெட் வாரை மாட்டினேன், கழற்றினேன்.

எட்டாவது ஆணியில் நின்றார். அந்த ஜம்பரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். பழைய வளையங்கள் கறுத்திருந்தன, இது பளபளத்தது. அச்சு அசலாம்! பித்தளை புதுசு என்று எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள். அவர் மூக்கு விடைத்தது. முதல் விசில். பதினான்காவது ஆணியில் இன்னொன்று அகப்பட்டது. கையிலிருந்த இரண்டையும் மேஜையில் போட்டார், டொக்கென்று. இரண்டாவது விசில். கடைசி வரிசையில் என்னுடையது. அதையும் கழற்றி மேஜையில் வைத்தார். மணி ஐந்து இருபது.

மூன்றாவது விசிலுக்காகத் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றோம். அது வரவில்லை.

அவர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். முக்கியமாக மச்சினனை. அவர் இன்னும் வாயைத் திறக்கவேயில்லை, அதற்குள் அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, தோள் காதைத் தொடுகிற அளவுக்குச் சுருங்கியிருந்தான், அடி விழப்போகிற மாதிரி. மேடத்தின் முகத்தில் என்னவோ இடிந்து விழுந்தது. மேஜையில் கிடந்த மூன்று போலியைப் பார்த்தார். சுவரில் இருந்த கடிதத்தைப் பார்த்தார். பிறகு நேரே போய் அந்தக் கடிதத்தைப் பிய்த்தார். நான்காக மடித்து மச்சினன் கையில் கொடுத்தார்.

“இதை நான் ஒட்டியிருக்கக் கூடாது. அன்னிக்கு நீங்க உண்மையச் சொன்னீங்க. அதுக்குப் போய் நான் இதைச் செஞ்சேன். தப்பு என்னோடது.”

அவர் நாற்காலியை இழுத்து, எங்களுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

“நான் திரும்ப மாட்டேன். யாருன்னு கேக்கல. எந்த லிஃப்ட்? அது மட்டும் போதும்.”

மச்சினன்தான் முதலில் வாயைத் திறந்தான், அவ்வளவு அடிபட்டவன்! “என்னோடது அடிக்குழித் தண்ணில விழுந்துடுச்சு மேடம். லிஃப்ட்ல இல்ல. சத்தியமா.”

“சரிப்பா. அடுத்தது?”

“பஸ்ல தொலைச்சேன் மேடம்” என்றான் நெட்டை.

“சரி. மூணாவது?”

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து இருபத்து நாலு. மேடம் சுவரைப் பார்த்தபடியே பேசினார்.

“யாரோ ஒருத்தர் அஞ்சு மணிலேருந்து கடிகாரத்தையே பாத்துட்டு இருக்கீங்க. அப்படின்னா இது ஓடிட்டு இருக்கிற லிஃப்ட். ஏதோ ஒரு நேரத்துக்குள்ள போயாகணும். சரிதானே?”

என்னைத்தான் சொல்கிறார். தெரிந்துகொண்டே என் பெயரைச் சொல்லாமல் விடுகிறார். எனக்குக் காது சுட்டது.

“கத்த மாட்டேன்னு சத்தியம் பண்ண எனக்கு வராது. எங்க வீட்ல கத்தித்தான் பேசுவோம், வாய் பழகிப்போச்சு. ஆனா இப்ப எனக்குக் கோவம் இல்ல. பயமா இருக்கு. பாருங்க.” கையைப் பின்பக்கமாக நீட்டிக் காட்டினார். விரல்கள் நடுங்கின.

மேலதிகாரி ஒருவர் பயமாக இருக்கிறது என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. நானும் பயந்துதான் நின்றேன், ஆனால் என் பயம் என்னைப் பற்றியது, அவர் பயம் அந்த லிஃப்டில் ஏறப்போகிற யாரோ ஒருவரைப் பற்றியது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

“நான்தான் மேடம். டியூஷன் சென்டர் கட்டடம். மூணாவது மாடிக் கொக்கி. ஆறு மணிக்கு வகுப்பு விடும்.”

திரும்பினார். ஒரு நொடி என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். “வாத்தியார், அந்தக் கட்டடத்து வாட்ச்மேனுக்கு விடாம போன் போடுங்க. மெயினை அணைக்கச் சொல்லுங்க. அண்ணா, வண்டிய எடுங்க.”

வாட்ச்மேன் போனை எடுக்கவில்லை. மேடம் என் பின்னால் உட்கார்ந்துகொண்டு டியூஷன் டீச்சரைக் கூப்பிட்டார். சாயங்கால நெரிசலில் நான் வண்டியை நுழைத்து நுழைத்து ஓட்டினேன். டீச்சர் சொல்வது எனக்குக் கேட்கவில்லை. மேடம் பேசுவது மட்டும் காதுக்குப் பக்கத்தில் கேட்டது.

“டீச்சர், பரீட்சை நடக்குதுன்னு புரியுது. நடுவுல கூப்பிட்டா கோவம் வரத்தான் செய்யும். ஒரே நிமிஷம். உங்க மாடி லிஃப்ட் கதவு சரியில்ல. எங்க ஆளுங்க தப்பு, உங்க மேல ஒண்ணும் இல்ல. உங்க நாற்காலிய எடுத்துட்டுப் போய் அந்தக் கதவு முன்னால போட்டு உக்காந்துடுங்க. நாங்க வந்துட்டே இருக்கோம்.”

அப்புறம் குரல் மாறியது. “என்னது? முடிச்சுட்டாளா? எப்பப் போனா?”

என் கை ஆக்ஸிலேட்டரில் வழுக்கியது. மேடம் என் தோளை இறுக்கிப் பிடித்தார். “ஒரு பொண்ணு சீக்கிரம் எழுதி முடிச்சுட்டு வெளிய போயிருக்கு” என்று என்னிடம் சொல்லிவிட்டு, உடனே போனில், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக:

“டீச்சர், எட்டிப் பாருங்க. தெரியறாளா? லிஃப்ட் கிட்டயா? சரி. ஓடாதீங்க. பேர் சொல்லிக் கூப்பிடாதீங்க. சத்தமாக் கூப்பிட்டா திடுக்குன்னு திரும்புவா, கை எதுல இருக்கோ அதை இழுத்துடுவா. செருப்பைக் கழட்டிட்டுப் பின்னாலயே போங்க. தோளைத் தொடுங்க. நான் லைன்லயே இருக்கேன்.”

அதே வாய்தான். பஞ்சர்க்காரரை எட்டிப்பார்க்க வைத்த அதே வாய்.

சிக்னல் சிவப்பு. நான்கு பக்கமும் வண்டி, ஒரு சக்கரம் அசைய இடமில்லை. போனில் சத்தமே இல்லை. என் தோளில் அவர் நகம் சட்டையைத் தாண்டி இறங்கியது. நாற்பது விநாடி என்று சிக்னலில் எண் ஓடியது. முப்பது. இருபத்திரண்டு. கடவுளே, கடவுளே என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்து வண்டிக்காரர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

பதினொன்றில் டங்கென்று என் ஹெல்மெட்டில் ஏதோ மோதியது. மேடத்தின் ஹெல்மெட். முன்னால் சாய்ந்துவிட்டார்.

“தொட்டுட்டாங்களாம்” என்றார்.

ஐந்து நாற்பத்தொன்பதுக்குப் போய்ச் சேர்ந்தோம். வாட்ச்மேன் தெருமுனையில் யாரோடோ அரட்டை அடித்துக்கொண்டிருந்தார். மேடம் மெயினை அணைத்தார். நான் படியில் தாவி ஏறினேன். மூன்றாவது மாடியில், லிஃப்ட் கதவு முன்னால் நாற்காலி போட்டு டீச்சர் வெறும் காலோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் எட்டு ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி. கதவுக் கைப்பிடியில் ஒரு நீலத் தண்ணீர் பாட்டில் வாரோடு தொங்கியது.

“லிஃப்டுக்கு பட்டனை அழுத்திட்டு, பாட்டிலை இதுல மாட்டிட்டு ஷூ லேஸ் கட்டிட்டிருந்தா. கட்டி முடிச்சுட்டு கைப்பிடில கைய வச்சா. அப்பத்தான் தொட்டேன்” என்றார் டீச்சர்.

நாற்காலியை நகர்த்திவிட்டு அந்தக் கைப்பிடியை இரண்டே விரலால் இழுத்துப் பார்த்தேன். கதவு லேசாகத் திறந்துகொண்டது. உள்ளே இருட்டு, கிரீஸ் வாடை. அதற்குள் யாரோ கீழே அழைத்துக்கொண்ட பெட்டி இரண்டு மாடி தள்ளி நின்றிருந்தது. நீல பாட்டில் அந்த வெறுமைக்கு நேராக ஆடிக்கொண்டிருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

“அங்கிள், என் பாட்டிலை எடுத்துக்கலாமா?” என்று கேட்டாள் அந்தப் பெண்.

பின்னால் வந்த மேடம்தான் எடுத்துக்கொடுத்தார். கதவை மூடிக் கயிற்றால் கட்டினார். பிள்ளைகள் எல்லாரும் படி வழியாக இறங்கிப் போகும்வரை, இரண்டு பேரும் அந்தக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றோம். பிறகு மோட்டார் ரூமுக்குப் போனோம். பேனலைத் திறந்தேன். என் சிவப்பு ஜம்பர் அங்கேயே இருந்தது. கழற்றினேன்.

மேடம் மோட்டார் ரூம் கதவைச் சாத்தினார். அப்போது வந்தது மூன்றாவது விசில். அம்மாடி! தொண்டைத் தண்ணீர் வற்றும்வரை திட்டினார். ஜம்பரை மறந்ததற்குக் கொஞ்சம், மாட்டிய போலிக்கு நிறைய, ஐந்து மணியிலிருந்து ஐந்து இருபத்துநாலு வரை வாயை மூடிக்கொண்டு நின்றதற்கு அதைவிட நிறைய. “இருபத்துநாலு நிமிஷம்ணா! இருபத்துநாலு நிமிஷம்!” என்று அழுதுகொண்டே திட்டினார். நானும் அழுதேன். ஒரு சொல்கூட எனக்கு வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அத்தனையும் எனக்குச் சேர வேண்டியவை, அங்கே இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான்.

தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை அவரே எழுதினார். அனுப்புவதற்கு முன் எனக்குப் படிக்கக் கொடுத்தார். முதல் வரியில் அவர் பெயர்தான் இருந்தது. ஆட்கள் பயந்து மறைத்தார்கள், அந்தப் பயம் என்னால் வந்தது என்று எழுதியிருந்தார். அடுத்தது என் பெயர். எனக்கு ஒரு மாதம் சஸ்பென்ஷன். அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு ஒரு வருஷம் தள்ளிப்போனது.

அந்த ஒரு மாதத்தில், டூல் பையை ஒப்படைக்க அவர் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே சத்தம் கேட்டது. “அப்பா! ஆபீஸ்லேருந்து ஆள் வந்திருக்காங்கப்பா!” முப்பது வருஷம் பாய்லர் பக்கத்தில் வேலை பார்த்ததில் அவர் அப்பாவுக்கு இரண்டு காதும் போய்விட்டது. அந்த வீட்டில் அன்பாகக் கேட்பதையும் கத்தித்தான் கேட்க வேண்டும். அப்பா என்னை உட்காரச் சொல்லிவிட்டு, மகளைக் காட்டிப் பெருமையாகச் சொன்னார்: “சின்னப் புள்ளைலேருந்தே இவ என் முகத்தைப் பாத்தே எனக்கு என்ன வேணும்னு சொல்லிடுவா. வாயத் திறக்கவே வேணாம்.” எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த வீடு அவருக்குப் பெரிய வாயையும் கொடுத்தது, கூர்மையான கண்ணையும் கொடுத்தது. ஆபீஸுக்கு வாயை மட்டும் கொண்டுவந்துகொண்டிருந்தார். அந்த இருபத்தொன்றாம் நாள்தான் கண்ணையும் கொண்டுவந்தார்.

மாறிவிட்டார் என்றெல்லாம் அளக்கமாட்டேன். குக்கர் குக்கர்தான். ஆனால் அதற்குப் பிறகு பலகையில் ஆணி காலியாக இருந்தால் முதலில் ‘எந்த லிஃப்ட்’ என்று கேட்பார். யார், ஏன் என்பதெல்லாம் ஒயர் கைக்கு வந்த பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு. வாரத்துக்கு ஒருவன் தலையில் அடித்துக்கொண்டு ஓடுவதும் நாங்கள் டீ குடித்துக்கொண்டு காத்திருப்பதும் திரும்ப வந்தன. மச்சினன் அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டான் என்று நினைத்தேன். இல்லையாம், பர்ஸில் வைத்திருக்கிறானாம், மேடம் தன் கையால் திருப்பிக் கொடுத்தது என்று.

இதெல்லாம் நடந்து ஐந்து வருஷமாகிறது. மேடம் இப்போது இந்தப் பகுதிக்கே பொறுப்பு. எனக்கும் ஒரு வழியாக அந்த நாற்காலி கிடைத்தது. அவர்தான் என் பெயரை எழுதிக் கொடுத்தார். வேறொரு ஆபீஸ், ஐந்து ஆட்கள், முப்பது ஆணி. நான் கத்துகிறவன் இல்லை. எனக்கு விசிலே கிடையாது, சிரித்துக்கொண்டே குத்திவிடுவேன். அது இன்னும் மோசம் என்று என் மனைவி சொல்வாள், நான் ஒத்துக்கொண்டதில்லை.

நேற்று மேடத்துக்குப் போன் செய்தேன். “மேடம், என் பலகை தினமும் முழுசாவே இருக்கு.”

“எத்தனை நாளா?”

“பன்னெண்டு.”

ஐந்து பேரும் ஞானிகளா என்று கேட்பார், யார் மேல் சந்தேகம் என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

“அதுக்கு முந்தின நாள் யாரை என்ன சொன்னீங்கண்ணா?”

எனக்கு உடனே நினைவு வந்துவிட்டது. மூன்றாவது ஆணி வரிசைக்காரர். ஜம்பரை எடுத்துவர ஓடிவிட்டுத் திரும்பியவரை, எல்லார் முன்னாலும், ‘உங்களுக்கு ஒயருக்குப் பதிலா கழுத்துல மணி கட்டி விடலாமா’ என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். இப்போது நினைத்துப் பார்த்தால், அவர் தோள் காதுவரை ஏறியிருந்தது.

மணி ஐந்தாகப் போகிறது. ஆட்கள் ஒவ்வொருவராக வந்து பலகையில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். இதுவரை இருபத்தாறு ஆணி நிறைந்துவிட்டது. பித்தளை எதுவும் பளபளக்கிறதா என்று நான் போய்ப் பார்க்கப்போவதில்லை. முதலில் அவரிடம், எல்லார் முன்னாலும், மன்னிப்புக் கேட்கப்போகிறேன். அதற்குப் பிறகு சுவரைப் பார்த்து உட்காரப்போகிறேன்.